‘கிஃப்ட்’ என்று எழுதினால் வரி கிடையாதா? சுங்கம் பற்றிய வாசகர் கேள்வி-பதில்

தீபாவளி முடிந்த கையோடு வந்த கடிதங்களில் முக்கால்வாசி பார்சல் சண்டைதான். இந்த இதழுக்கு மும்பை வாசகர்களின் கேள்விகளாகவே எடுத்திருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் தங்கை கூரியரில் பார்சல் அனுப்பினாள். மூன்று ஸ்வெட்டர், ஒரு சால்வை, பையனுக்கு ஸ்கூல் பை. மதிப்பு 60 பவுண்டு என்றும் ‘கிஃப்ட்’ என்றும் தெளிவாக எழுதியிருக்கிறாள். ஆனாலும் நாலாயிரத்துச் சொச்சம் கட்டினால்தான் தருவோம் என்று கூரியர்காரர்கள் வாங்கிவிட்டார்கள். அனுப்பும் செலவு 48 பவுண்டைத் தங்கை அங்கேயே கட்டியாயிற்று, அதையும் பில்லில் சேர்த்து வரி போட்டிருக்கிறார்கள். பரிசுக்கு வரி கிடையாது என்றுதானே சொல்வார்கள்? கால் சென்டரில் பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது சார். — ஒரு வாசகி, செம்பூர்

பதில்: பரிசுக்கு வரி இல்லை என்பது பழைய கதை அம்மா. ஒரு தொகை வரைக்கும் சலுகை இருந்தது உண்மைதான். இணையக் கடைகளில் வாங்கிய சரக்கையெல்லாம் ‘கிஃப்ட்’ என்று சீட்டு ஒட்டி இறக்கினார்கள், அதனால் 12 டிசம்பர் 2019 அன்று வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இப்போது தபாலிலோ கூரியரிலோ பரிசு என்று சலுகை கேட்டு இறக்க முடிவது இரண்டே இரண்டு: உயிர்காக்கும் மருந்து, ராக்கி. ராக்கி என்றால் கயிறு மட்டும்தான், கூட வரும் ஸ்வீட் பாக்ஸுக்குக் கிடையாது, அதையும் எழுதியே வைத்திருக்கிறார்கள்! முழு வரியையும் கட்டினால் எந்தப் பரிசையும் தாராளமாக வரவழைக்கலாம். ஆகவே ‘இது கிஃப்ட், எப்படி வரி போடலாம்’ என்று ஆரம்பித்தால் அந்த வாக்குவாதம் அங்கேயே தோற்றுவிடும். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், 48 பவுண்டு ஃப்ரைட்டையும் சேர்த்துவிட்டார்கள் என்று. தங்கை கட்டினாளா நீங்கள் கட்டினீர்களா என்பது விஷயமில்லை, யார் கட்டினாலும் கொண்டுவரும் செலவு மதிப்பில் சேரும். ஆனால் விமானத்தில் வரும் சரக்குக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் 10-ஆவது விதியைப் பாருங்கள்: விமானச் செலவு எவ்வளவு ஆகியிருந்தாலும், வரிக்காகச் சேர்ப்பது சரக்கின் மதிப்பில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் சரக்கு 60 பவுண்டு, அப்படியானால் சேர்க்க வேண்டியது 12 பவுண்டுதான், 48 இல்லை. இன்ஷூரன்ஸ் தொகை தெரியாவிட்டால் மதிப்பில் 1.125 சதவீதம், அதாவது முக்கால் பவுண்டுக்கும் கொஞ்சம் குறைவு. மொத்தம் 72.68 பவுண்டுக்கு வரி போட வேண்டிய இடத்தில் 108.68 பவுண்டுக்குப் போட்டிருக்கிறார்கள். வரி விகிதம் என்னவாக இருந்தாலும் சரி, நீங்கள் கட்டிய வரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல். சட்டைத் துணி, பை மாதிரி எடை கனத்து விலை குறைந்த பார்சல்களில் இது அடிக்கடி நடக்கிறது. பொருளைவிட அனுப்பும் செலவு பெரிதாக நிற்கும், யாரோ அதை அப்படியே கட்டத்தில் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சரி, யாரிடம் கேட்பது? கால் சென்டரை விடுங்கள். சஹார் ஏர் கார்கோவில் உங்கள் பெயரில் கூரியர் கம்பெனி ‘கூரியர் பில் ஆஃப் என்ட்ரி’ என்று ஒரு தாள் தாக்கல் செய்திருக்கும். முதலில் அதன் நகலைக் கேளுங்கள், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. அதில் மதிப்பு, ஃப்ரைட், இன்ஷூரன்ஸ், பவுண்டுக்கு என்ன ரேட் எடுத்தார்கள், எந்தத் தலைப்பில் வரி போட்டார்கள் என்று எல்லாம் இருக்கும். (ரேட் விஷயத்தில் கூகுளைக் காட்டிச் சண்டை போடாதீர்கள், சுங்கத் துறை அறிவிக்கும் ரேட்தான் செல்லும்.) பிறகு அவர்களுடைய க்ளியரன்ஸ் பிரிவுக்கு மெயில் எழுதுங்கள்: “என் பார்சலில் ஃப்ரைட் 10-ஆவது விதியின் 20 சதவீத வரம்பைத் தாண்டி எடுக்கப்பட்டிருக்கிறது, மறுமதிப்பீட்டுக்கு அதிகாரியிடம் கோரிக்கை வையுங்கள்.” தங்கை வாங்கிய கடை பில்லையும் இணையுங்கள். கோபமான பத்தி ஒன்றும் வேண்டாம், விதி எண்ணும் தொகையும் போதும்.

இன்னொன்று, அந்த நாலாயிரத்துச் சொச்சமும் அரசாங்கத்துக்குப் போனதாக நினைக்காதீர்கள். உங்களுக்காக முன்பணம் கட்டியதற்கு என்று கூரியர் கம்பெனி ஒரு கட்டணம் போடும், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சின்ன பார்சல்களில் இதுவே வரியின் பாதிக்கு வந்து நிற்கிற பில்லைப் பார்த்திருக்கிறேன். அது கூரியருக்கும் உங்களுக்கும் உள்ள பாடு, கஸ்டம்ஸ் அதில் தலையிடாது. முன்பே சொல்லாமல் வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள்.

கேள்வி: சிகாகோவில் இருக்கும் என் மச்சான் என் மனைவிக்கு ஒரு கைப்பை தபாலில் அனுப்பினான். சேலில் 70 டாலருக்கு வாங்கியது. கஸ்டம்ஸில் இன்டர்நெட்டில் பார்த்து 180 டாலர் என்று போட்டுவிட்டார்கள் போல. தபால்காரர் வாசலில் நிற்கிறார், பணம் கட்டினால்தான் பை. முதலில் கட்டிவிட்டுச் சண்டை போடுவதா, கட்டாமல் போடுவதா? — ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: தபால் பார்சல் என்றால் கட்டாமல் போடுங்கள். கூரியரில் உங்களுக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்காது, தபாலில் கிடைக்கும்.

தபால்காரரிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள், அவர் பாவம், தொகையை வசூலிக்க வந்தவர். “மதிப்பீட்டை ஆட்சேபிக்கிறேன், பார்சலை ஆபீஸில் நிறுத்திவையுங்கள்” என்று சொல்லி, அன்றே உங்கள் போஸ்ட் மாஸ்டருக்கு அதையே எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். தாமதித்தால் பார்சல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும், சிகாகோவுக்குப் போன பையை மறுபடி வரவழைப்பது பெரிய தொல்லை. பிறகு பல்லார்ட் எஸ்டேட்டில் இருக்கும் வெளிநாட்டுத் தபால் நிலையத்தின் சுங்கப் பிரிவுக்கு எழுதுங்கள். மதிப்புப் போடுகிற ஆள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், டோம்பிவிலி தபால் நிலையத்தில் இல்லை. நேரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. சிஎஸ்டி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான்.

கையில் என்ன கொண்டு போவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மச்சான் எழுதிய கடிதம், ‘நான் 70 டாலருக்குத்தான் வாங்கினேன்’ என்ற வாட்ஸ்அப் செய்தி, இதெல்லாம் செல்லாது. காரணம் இருக்கிறது: சுங்கச் சட்டம் 14-ஆவது பிரிவு கேட்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடந்த விலையை. பரிசில் உங்களுக்கும் மச்சானுக்கும் நடுவே விற்பனையே இல்லை. அதனால் அதிகாரி அதே மாதிரிப் பொருள் என்ன விலைக்கு வருகிறது என்று பார்க்கப் போகலாம், அங்கேதான் 180 வருகிறது. அதை உடைக்க வேண்டுமென்றால் கடைக்கும் மச்சானுக்கும் நடந்த விற்பனையைக் காட்ட வேண்டும்: தள்ளுபடி தனி வரியில் அச்சாகியிருக்கும் கடை பில், அதே தொகை அதே தேதியில் கழிந்த கார்டு ஸ்டேட்மென்ட். கார்டு எண்ணில் கடைசி நாலு இலக்கம் தவிர மற்றதை மறைத்துவிடச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த சேல் நடந்த நாளில் கடையின் வலைப்பக்கத்தின் படம். இத்தனையும் இருந்து அதிகாரி இறங்கி வரவில்லை என்றால், 2007 விதிகளில் 12-ஆவது விதியைச் சொல்லி, அறிவித்த மதிப்பை ஏன் ஏற்கவில்லை என்று காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்டால் தர வேண்டும், முடிவெடுக்கும் முன் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். நியாயமான கணக்கு என்றால் கடிதத்துக்குப் பதிலாகக் குறைத்த தொகையே வந்துவிடுவது வழக்கம்.

சில சமயம் மதிப்புப் போடும் முன்னாலேயே ‘இந்தப் பார்சலுக்குப் பில் அனுப்புங்கள்’ என்று கஸ்டம்ஸிலிருந்து ஒரு கடிதம் வரும். அதை மின்சார பில்லோடு மேஜையில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் பின்னால் என்னிடம் வருகிறார்கள். அதற்கு ஒழுங்காகப் பதில் போட்டிருந்தால் பாதிச் சண்டை வந்தே இருக்காது.

கேள்வி: ஃபேஸ்புக்கில் பழக்கமான ஒருவர் இங்கிலாந்திலிருந்து எனக்கு நகையும் பவுண்டு நோட்டும் பார்சலில் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். டில்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸ் என்று ஒரு பெண் போன் செய்து 35,000 ரூபாய் கட்டச் சொல்கிறார், இல்லாவிட்டால் கேஸ் போடுவார்களாம். குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? — தாராவி வாசகி

பதில்: பார்சலே இல்லை அம்மா. குறைக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். கஸ்டம்ஸ் யாருடைய சொந்த வங்கிக் கணக்குக்கோ ஜிபே எண்ணுக்கோ வரி கேட்காது. சுங்கத் துறை அனுப்பும் கடிதத்தில் பொதுவாக டின் என்ற ஆவண எண் இருக்கும், 2019 நவம்பரிலிருந்து இது நடைமுறை, அந்த எண்ணைத் துறையின் வலைத்தளத்தில் போட்டால் உண்மையா பொய்யா என்று சொல்லிவிடும். ஏற்கனவே ஏதாவது அனுப்பியிருந்தால் இந்தப் பத்தியை முடிப்பதற்குள் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை, படித்தவர்களும் இதில் மாட்டுகிறார்கள்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்கு மாட்டுங்காவில் வாங்கிய இரண்டு காஞ்சிபுரம் பட்டுப் புடவை அனுப்பினேன். அவள் வீடு மாறிவிட்டதால் பார்சல் திரும்பி வந்துவிட்டது. இப்போது என் புடவைக்கு என்னிடமே இறக்குமதி வரி கேட்கிறார்கள்! — ஒரு வாசகி, மாட்டுங்கா

பதில்: எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் இது சுலபமான வழக்கு. இந்தியாவிலிருந்து போன பொருள் அப்படியே திரும்பி வந்தால் அதற்குச் சலுகை உண்டு, 2017-ஆம் ஆண்டின் 45-ஆம் எண் சுங்க அறிவிக்கை. மூன்று ஆண்டுக்குள் திரும்பியிருக்க வேண்டும், போன அதே பொருள்தான் வந்திருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தியாக வேண்டும், ஏற்றுமதிக்கான சலுகை எதையும் நீங்கள் வாங்கியிருக்கக் கூடாது. அனுப்பிய ரசீது, பார்சலில் ஒட்டிய சுங்கப் படிவத்தின் நகல், டெலிவரி ஆகாமல் திரும்பியதைக் காட்டும் ட்ராக்கிங் பக்கம், மாட்டுங்கா கடை பில், இந்த நாலையும் எடுத்துக்கொண்டு போங்கள். அனுப்பும்போது படிவத்தில் ‘டிரஸ்’ என்று ஒற்றை வார்த்தையாக எழுதாமல் ‘பட்டுப் புடவை, 2’ என்று நிறத்தோடு எழுதியிருந்தீர்கள் என்றால் பேச்சே இல்லை.

கேள்வி: ஜனவரியில் ஒரு பார்சலுக்கு அதிகமாக வரி கட்டிவிட்டேன், இப்போதுதான் கணக்குப் பார்த்தேன். ரீஃபண்ட் கேட்க ஒரு வருடம் டைம் இருக்கிறது என்று ஒரு நண்பர் சொல்கிறார். அவசரப்பட வேண்டாம்தானே? — ஒரு வாசகர், முலுண்ட்

பதில்: நண்பர் சொன்னதில் பாதிதான் சரி, மீதிப் பாதியில்தான் பலருடைய பணம் போகிறது. சுங்கச் சட்டம் 27-ஆவது பிரிவில் ரீஃபண்டுக்கு ஒரு வருடம் என்று இருக்கிறது. ஆனால் 2019-இல் ஐடிசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, மதிப்பீட்டை மாற்றாமல் நேரே ரீஃபண்ட் கேட்க முடியாது என்று. முதலில் மதிப்பீடு மாற வேண்டும், பிறகுதான் பணம். மதிப்பீட்டை எதிர்த்து ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய 128-ஆவது பிரிவு தருவது 60 நாள், தக்க காரணம் சொன்னால் இன்னும் 30. அதோடு கதை முடிந்தது, அதற்குமேல் நீட்டிக்க ஆணையருக்கே அதிகாரம் இல்லை. ஜனவரியில் கட்டியதற்கு இப்போது அந்த வழி அடைபட்டிருக்கும்.

உங்கள் கேஸ் வேறு மாதிரியாக இருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. அதிகாரியின் தீர்ப்பில் தவறில்லை, வெறும் எழுத்துப் பிழை, கூட்டல் பிழை, 60-ஐ 600 என்று அடித்துவிட்டார்கள் என்றால் 154-ஆவது பிரிவு இருக்கிறது, அதற்குக் கெடு கிடையாது. அதைச் சொல்லித் திருத்தம் கேளுங்கள், திருத்திய பிறகு ரீஃபண்ட். விண்ணப்பம் போட்டு மூன்று மாதத்துக்கு மேல் இழுத்தால் வட்டியும் தர வேண்டும். பதிலே வராவிட்டால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் புகார் பதியுங்கள், நான் பார்த்தவரை அது ஃபைலை நகர்த்துகிறது.

மேல்முறையீட்டுக்குப் பொதுவாக வரியில் 7.5 சதவீதம் முன்வைப்பு கட்ட வேண்டும், முழு வரியும் ஏற்கனவே கட்டியவருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு மேல்முறையீடு என்று அலைந்தால் ரயில் டிக்கெட்டும் ஜெராக்ஸும் லீவும் அதைத் தின்றுவிடும். மறுமதிப்பீட்டு மெயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருபதாயிரம், முப்பதாயிரம் என்றால் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இங்கே கிடைக்காத ஒரு மருந்தை சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் மகன் அனுப்புகிறான். போன தடவை நிறுத்திவிட்டார்கள். — ஒரு வாசகர், சயான் கோலிவாடா

பதில்: இது வரித் தகராறே இல்லாமல் இருக்கலாம், பெரும்பாலும் மருந்தை நிறுத்துவது அனுமதித் தாள் இல்லாததால். சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ கூரியரிலோ வரும் மருந்துக்கு மருந்து விதிகள் 1945-இன்படி 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12பி என்ற அனுமதி வாங்க வேண்டும். பதிவு பெற்ற டாக்டரின் சீட்டு வேண்டும், அளவு அந்தச் சீட்டுக்குப் பொருந்த வேண்டும். பார்சல் வந்து நின்ற பிறகும் விண்ணப்பிக்கலாம், ஆனால் முன்பே வாங்கிவைப்பது நல்லது. அம்மாவுக்கு இருப்பது அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இன் பட்டியலில் உள்ள நோய் என்றால் இன்னும் ஒரு கதவு திறக்கிறது: 1 ஏப்ரல் 2023 முதல் அந்த மருந்துகளுக்கு அடிப்படைச் சுங்க வரி விலக்கு உண்டு, மாவட்ட மருத்துவ அதிகாரியோ சிவில் சர்ஜனோ தரும் சான்றிதழ் வேண்டும். டாக்டரிடம் இதை நேராகவே கேளுங்கள், பலருக்கும் அவர்களுடைய நோய் அந்தப் பட்டியலில் இருப்பதே தெரிவதில்லை.

கேள்வி: துபாயிலிருந்து மாமா டிரோன் அனுப்புகிறேன் என்கிறார். வரி எவ்வளவு வரும்? — கல்லூரி மாணவர், தானே

பதில்: வரி கணக்கே வேண்டாம் தம்பி. 9 பிப்ரவரி 2022 முதல் டிரோன் இறக்குமதிக்கே தடை, ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சி தவிர. பறிமுதல்தான் ஆகும். மாமாவிடம் ஷூ கேளுங்கள்.

கேள்வி: அடுத்த பொங்கலுக்கு அக்கா கோலாலம்பூரிலிருந்து பார்சல் போடுகிறாள். வரி வராமல் இருக்க எல்லாவற்றுக்கும் 10 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று எழுதிவிடட்டுமா என்று கேட்கிறாள். என்ன எழுதச் சொல்வது? — ஒரு வாசகி, செம்பூர்

பதில்: உண்மை விலையை எழுதச் சொல்லுங்கள். நேர்மைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, நஷ்டம் உங்களுக்கு என்பதற்காகவும் சொல்கிறேன். பத்து வெள்ளிக்கு யாரும் மிக்ஸி தருவதில்லை என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியும். ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் சரியான விலை எழுதியிருந்த பொருள்களையும் சேர்த்து அவர் கணக்குக்கு ஏற்றிவிடுவார், அப்போது ஆட்சேபிக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. மதிப்பைத் தவறாகக் காட்டிய சரக்கைப் பறிமுதல் செய்யவும் அபராதம் போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சின்ன பார்சல் என்றால் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது: கட்ட வேண்டிய வரி 100 ரூபாய்க்குள் வந்தால் வசூலிக்கவே கூடாது, 25-ஆவது பிரிவின் 6-ஆவது உட்பிரிவு. ஆனால் 100 ரூபாய் வரி என்பது ரொம்பச் சின்ன மதிப்பு, ஒரு டப்பா மைலோ, குழந்தைக்கு ஒரு கவுன் அளவுதான். ஒருகாலத்தில் சொந்த உபயோகச் சரக்குக்கு அடிப்படை வரி 35 சதவீதம், அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூகநல மிகைவரி, மொத்தத்தின்மேல் 28 சதவீத ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி) என்று கூட்டினால் 77.28 சதவீதம் வந்தது. பின்னால் வந்த பட்ஜெட்களில் அடிப்படை வரி இறங்கியிருக்கிறது, ஆகவே பழைய கணக்கைப் பார்த்துப் பயந்துபோய் அக்காவைப் பொய் எழுதவைக்காதீர்கள். அனுப்புகிற அன்று உள்ள விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் சொல்ல வேண்டியது: பொருளுக்குப் பொருள் தனி வரி, எண்ணிக்கை, விலை. கடை பில்லின் ஒரு நகல் பெட்டிக்குள்ளே, இன்னொன்று வெளியே பிளாஸ்டிக் உறையில், மூன்றாவது போட்டோ எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு. உங்கள் பெயர் ஆதாரில் இருக்கிற மாதிரியே எழுத வேண்டும், வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம், கேஒய்சி அங்கேதான் சிக்குகிறது. அனுப்பும் செலவு பொருளின் விலையை நெருங்குகிற மாதிரி இருந்தால் மேலே உள்ள செம்பூர் வாசகிக்கு எழுதிய 20 சதவீதக் கணக்கை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.